வெள்ளை மூலைக்கு நீலம் அடித்தவர்கள்

ராஜபாளையத்தில் கடல் கிடையாது. கடல் வரைபடம் தயாரிக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக்குமா படம் போடுவாவ?" என்பதுதான். ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அதே கேள்விதான் வந்தது. இடைப்பட்ட என் பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். புயல், சுறா, வெளிநாட்டுத் துறைமுகம் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். புயலில் நான் செய்ததெல்லாம் வாந்தி எடுத்ததுதான்; அதற்கு அனுபவம் தேவையில்லை. தொழில் சார்ந்து நான் எடுத்த கடினமான முடிவு ஒன்று உண்டு. அதை ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கண்மாய்க் கரையில், மைக் செட் அலறிக்கொண்டிருந்தபோது எடுத்தேன்.

அதற்கு முன் நம் தொழிலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பயிற்சி வகுப்பில் சொல்வார்கள்; ஆனால் மரியாதையாகச் சொல்வார்கள்.

பழைய காலத்தில் கடல் வரைபடம் போட்டவர்களுக்குக் கரை தெரியும், கடல் தெரியாது. தெரியாத இடத்தைச் சும்மா விட வெட்கப்பட்டு அங்கே திமிங்கலம் வரைந்தார்கள். பிறகு கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பாகம் பாகமாக ஆழம் பார்த்தார்கள். இரு கைகளை விரித்தால் எவ்வளவோ அது ஒரு பாகம். குண்டு விழுந்த இடத்தின் ஆழம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பாறை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாலும் குண்டுக்கு அது தெரியாது. அப்போதுதான் நம் ஆட்களுக்கு முதன்முறையாக ஒரு நல்ல புத்தி வந்தது. அளக்காத இடத்தை வெள்ளையாக விட்டார்கள். கடல் வரைபடத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால், ஒலியலையும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை, அந்த வெள்ளைத் தாள்தான் என்பேன். "எனக்குத் தெரியாது" என்பதை அச்சடித்து விற்ற தொழில் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான்.

கூடவே ஒரு வழக்கமும் வந்தது. ஏதோ ஒரு கப்பல் கடந்துபோகும்போது தண்ணீர் நிறம் மாறித் தெரிந்தது என்று யாராவது சொன்னால் போதும், அங்கே ஒரு புள்ளி வைத்து "ஐயத்துக்குரியது" என்று எழுதிவிடுவார்கள். அந்தப் புள்ளியை அழிப்பது அத்தனை சுலபமில்லை. யாராவது போய், தேடி, இல்லை என்று காட்ட வேண்டும். ஆபத்தை வைக்க ஒரு வதந்தி போதும். எடுக்க ஒரு கப்பல் வேண்டும். இதனால் இல்லாத தீவுகள் பல தலைமுறைகள் வரைபடத்தில் குடியிருந்தன. அவற்றில் மோதி ஒரு கப்பலும் மூழ்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம், இதைப் படித்தால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆழக் கோடு ஒன்றை நாம் அழகாக வளைத்து வரைந்திருந்தால் அதன்மேல் விரலை வைத்து, "இந்த வழியா யாரு போனது?" என்று கேட்பார். யாரும் போகவில்லை என்றால் ரப்பரை எடுப்பார். அவர் கை பட்ட படத்தில் அழகு மிஞ்சாது. கப்பல்கள் மிஞ்சின.

இனிக் கண்மாய்க்கு வருகிறேன்.

சேத்தூர் போகும் வழியில் ஒரு சிற்றூர். அதன் தலைவர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அவர் ஊரில் வருடா வருடம் பங்குனியில் கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை காத்திருக்கும் ஊர் முழுவதும், அக்கம்பக்கத்து ஊர்களும், வலையும் ஊத்தாவுமாக ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் பாயும். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. சேற்றில் குத்தி, மேலே கைவிட்டு மீனை எடுப்பார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது, சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது கட்டுப்பாடு.

முந்தைய வருடம் சிக்கல் ஆகியிருந்தது. வண்டல் மண் எடுக்கிறோம் என்று சொல்லி யாரோ கண்மாய்க்குள் பொக்லைனை இறக்கி, வண்டலுக்குக் கீழே இருந்ததையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. தலைவரும் சொல்ல ஆசைப்படவில்லை. கலங்கிய தண்ணீருக்கு அடியில் ஆளை முழுங்கும் குழிகள் இருந்தன. திருவிழாவில் ஒருவர் அதில் இறங்கிவிட, மூன்று பேர் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவருக்கு வழுக்கை இருந்திருந்தால் கதை வேறு.

"அண்ணாச்சி, நீங்க கடலுக்கே படம் போட்டவிய. எங்க கண்மாய்க்கு ஒண்ணு போட்டுத் தரக்கூடாதா?" என்றார் தலைவர்.

"கண்மாய் உங்க கண்ணு முன்னாலதான கெடக்கு?"

"தண்ணி கெடக்கது தெரியுது. தண்ணிக்கு அடியில கெடக்க குழிதான தெரிய மாட்டேங்கு!"

நம் துறை அறிக்கைகள் இதையே பல பக்கங்களில் சொல்கின்றன. ஒத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவனிடம் வேலை கேட்டு ஒருவர் வீடு தேடி வருவது எத்தனை பெரிய லஞ்சம் என்பது உங்களுக்கு இப்போது புரியாது.

என் அளவைக் கப்பல், ஒரு லாரி டியூப்பும் அதன்மேல் கட்டிய பலகையும். அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சீனியம்மாள். கண்மாயில் மீன் பிடிப்பதில் அந்த ஊர் ஆண்களை ஓரம் கட்டியவர், வாயிலும் அப்படித்தான். கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கயிற்றில் கட்டி, கயிற்றில் துணி முடிச்சுகள் போட்டு, குண்டின் அடியில் கிரீஸ் தடவிக்கொண்டேன். கப்பல்களில் கொழுப்புத் தடவுவார்கள். அடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

"என்ன அண்ணாச்சி, குண்டுக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுதீயளா?" என்றார் சீனியம்மாள்.

"அடியில சேறா பாறையான்னு பாக்க."

"சேறு."

"பாத்துட்டுச் சொல்றேன்."

குண்டு சேற்றோடு வந்தது.

"நான் சொன்னேம்லா! கிரீஸ் தெண்டம்."

அடுத்த முறையும் தடவினேன். அவர் அடுத்த முறையும் சொன்னார். அவருக்கு அன்று பேச விஷயம் வேறு இருந்தது. மகளுக்குச் செட்டியார்பட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். சம்பந்தக்காரர்கள் முதல்முறையாக வீட்டில் கைநனைக்க வரும் நாள், மீன்பிடித் திருவிழா நாளாக அமைந்துவிட்டது. விரால் மீன் குழம்பு வைக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். "மாப்பிள்ளையோட ஆத்தாக்காரி ஒரு மாதிரி. விரால் போடலன்னு வையுங்க, அத வச்சே என் மவள ஆயுசுக்கும் குத்திக் காட்டுவா" என்றார். விரால் எங்கே கிடக்கும் என்றும் அவருக்குத் தெரியும். வடகிழக்கு மூலையில், ஊர்ப் பேச்சில் சனி மூலை. சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்த இடம். வருடா வருடம் அதன் ஓரத்தில் நின்றுதான் அவர் பிடிப்பார்.

அந்த மூலைக்குள் எங்களால் போக முடியவில்லை. முதல் முள்ளிலேயே டியூப் மூச்சை விட்டது. ஒட்டுப்போட்டுக்கொண்டு மறுபடி போனோம், மறுபடியும் விட்டது. மற்ற இடமெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, குழிகளைக் கண்டுபிடித்துக் கம்பு நட்டோம். வீட்டுக்கு வந்து வரைந்தேன். குழிகளுக்குச் சிவப்பு. அளந்த இடத்துக்கு எண்களும் நீலமும். சனி மூலையை வெள்ளையாக விட்டு, "அளக்கவில்லை. இறங்க வேண்டாம்" என்று எழுதினேன். தலைவரிடம் கொடுத்தபோது வெள்ளை என்றால் என்ன என்று விளக்கவும் செய்தேன். அவர் மிகுந்த கவனத்தோடு தலையாட்டினார். அவ்வளவு கவனமாகத் தலையாட்டுபவர்கள் எதையும் கேட்பதில்லை என்பது உயர் அதிகாரிகளோடு பழகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திருவிழா அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைக்கு நடந்தேன். தூரத்திலிருந்தே பேனர் தெரிந்தது. ஒரு லாரி அகலத்துக்கு என் வரைபடம்! நம்மில் யாருக்கும் இப்படி ஒரு கௌரவம் வாய்த்ததில்லை. பக்கத்தில் போன பிறகுதான் பார்த்தேன். கண்மாய் முழுவதும் நீலம். சனி மூலையும் நீலம். என் எழுத்து இருந்த இடத்தில் சிறப்பு விருந்தினரின் புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது. அவருடைய காதும் பாதி மீசையும் கண்மாய்க்குள்ளேயே நீண்டிருந்தன.

பேனரின் கீழே இருந்த எண்ணைப் பார்த்து ராஜபாளையத்து பிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டேன்.

"செப்பண்டி அண்ணாச்சி, சொல்லுங்க" என்றார் கடைக்காரர், வீட்டுத் தெலுங்கு கலந்து, உற்சாகமாக. "படம் எப்படி வந்துருக்கு?"

"ஒரு மூலை வெள்ளையா இருந்ததே, அது என்னாச்சு?"

"அதுவா! வெள்ளையா விட்டா பிரிண்ட் விழலன்னு தலைவர் சண்டைக்கு வருவாரு. அதான் நீலத்த ஊத்திட்டேன். ஒரே கிளிக்."

"எழுத்து?"

"அந்த எடத்துல போட்டோ வரணும்னு சொல்லிட்டாவ. எழுத்து எதுக்கு அண்ணாச்சி, கலர் பேசுதுல்லா?"

பேசியது. அதுதான் பிரச்சினை. தம்பிகளே, தங்கைகளே, அளக்காத இடத்தை நிரப்ப உங்கள் கணினியிலும் இதே கிளிக் இருக்கிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் நாகரிகமான பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் தெரியாத இடத்தில் திமிங்கலம் வரைந்தார்கள். இன்றைக்கு நீலம் அடிக்கிறார்கள். திமிங்கலமாவது பயமுறுத்தியது.

மூலையைத் திரும்பிப் பார்த்தேன். கருவேல் இல்லை, தாமரை இல்லை. விருந்தினர் வருகிறார், கண்மாய் லட்சணமாக இருக்கட்டும் என்று தலைவர் பொக்லைனை விட்டு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிந்திருந்தார். வேரோடு பிடுங்கினால் மண்ணும் வரும். எவ்வளவு வந்தது, எத்தனை இடத்தில் வந்தது, அந்தப் பள்ளங்கள் மூடிக்கொண்டனவா என்பது யாருக்கும் தெரியாது. மேலே பார்த்தால் பாய் விரித்தது மாதிரிக் கலங்கல் தண்ணீர். அதன் நேர் எதிரே கரையில், ஊத்தாவோடு, முதல் வரிசையில் சீனியம்மாள். அவருக்குப் பின்னால் பாதி ஊர். சனி மூலை திறந்துவிட்டது என்ற செய்தி எல்லோருக்கும் எட்டியிருந்தது.

தலைவர் கையில் வெள்ளைத் துண்டோடு நின்றார். விருந்தினரின் கார் சேத்தூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

"தலைவரே, அந்த மூலைக்கு ஆள விடாதீய. நான் அங்க அளக்கல" என்றேன்.

"படந்தான் நீலமா இருக்கே."

"நான் வெள்ளையா விட்டேன்."

"சரி, ஒத்த வார்த்தையில சொல்லுங்க. அங்க குழி இருக்கா, இல்லையா?"

"தெரியாது."

"தெரியாதா? தெரியாதுன்னு சொல்லவா கவர்மெண்டு ஒங்களுக்கு அம்புட்டு வருசம் சம்பளம் குடுத்துச்சு?"

"பாதிச் சம்பளம் அதுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, வெளாடாதீய. அந்த மூலையிலதான் மீனே ஒதுங்கியிருக்கு. அத அடைச்சா ஊரு என்னைய அடிக்க வரும். குழி இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே அடைச்சிருதேன்."

ஒரு சின்னப் பொய் போதும். "இருக்கு, நானே பார்த்தேன்" என்றால் விஷயம் முடிந்தது. செத்த நேரம் நாக்கு நுனி வரை வந்தது. அதை ஏன் சொல்லவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்தேன். ஒழுக்கம் காரணமில்லை. அந்தப் பொய்க்குப் பிறகு, நான் நிஜமாக அளந்து சிவப்பு போட்ட குழிகளும் என் பேச்சும் ஒரே தரத்துக்கு வந்துவிடும். பார்த்ததும் பார்க்காததும் கலந்துவிட்ட வரைபடத்தை நம்பி யாரும் எதையும் செய்ய முடியாது, அடுப்பெரிக்கலாம்.

அளந்துவிடலாமா? டியூப் யார் கையிலோ. பொழுதும் இல்லை. மைக்கை வாங்கினேன். "வடகிழக்கு மூலைப் பகுதி ஆழம் உறுதி செய்யப்படாத பகுதி, எனவே பொதுமக்கள்" என்று தொடங்கினேன். நம் துறையின் அறிவிப்பு நடை நாக்கில் ஊறிப்போயிருந்தது. எதிரே விசில் பறந்தது. "ஏலே, நியூஸ் வாசிக்காவலே!" என்று ஒரு குரல். மைக் செட்காரர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். உறுதி செய்யப்படாத பகுதி என்பது கரையில் நின்ற ஒருவருக்கும் ஓர் இடமாகத் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த இடம் பேனரில் நீலமாக இருந்தது.

விருந்தினருக்காக இளநீர்க் குலையோடு ஒருவர் நின்றிருந்தார். அவருடைய அரிவாளை வாங்கினேன். கேட்டுத்தான் வாங்கினேன், நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. பேனரில் சனி மூலை எங்கே முடிகிறதோ அங்கே அரிவாளை வைத்து, மேலிருந்து கீழாக ஓர் இழு, குறுக்காக ஓர் இழு. மூலை கழன்று கையோடு வந்தது. விருந்தினரின் காதும் பாதி மீசையும் கூடவே வந்தன.

பாட்டு நின்றது. கரை முழுவதும் என் பக்கம் திரும்பியது. ஒருவர் மூழ்கினால்கூட அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விருந்தினரின் மீசையை ஒருவன் அறுத்தால் பார்ப்பார்கள்.

"இந்தா தெரியுதுல்லா ஓட்ட," என்று கத்தினேன், நம் துறையின் நடையை விட்டுவிட்டு. "அந்த மூலையில என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. குழி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் பாக்கல. தலைவர் பாக்கல. படம் அடிச்சவன் பாக்கவே இல்ல. ஒருத்தரும் பாக்காத எடத்துல எறங்காதீய."

விருந்தினர் முகத்தையே அறுக்கத் துணிந்தவன் காரணமில்லாமல் செய்ய மாட்டான் என்று கூட்டம் கணக்குப் போட்டது. கணக்கு தவறு, என்னிடம் இருந்தது அறியாமை மட்டும். விடை சரியாக வந்தது. முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. நாலைந்து பேர் கயிறு கொண்டுவந்து மூலையை மறித்துக் கட்டினார்கள். வெட்டிய பிளெக்ஸைக் கிழித்து அதில் தொங்கவிட்டோம். மீசைத் துண்டு நடுவில் ஆடியது.

சீனியம்மாள் மட்டும் நகரவில்லை. என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் விரால் ஒன்று புரண்டு வட்டம் போட்டது. அதற்கும் அன்றைக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, நானும் ஒங்க கூடத்தான் அளந்தேன்" என்றார். "அப்ப ஒரு கொழப்பமும் இல்ல. இன்னைக்கு அந்தச் சம்பந்தக்காரிக்கு நான் என்னத்த ஊத்த?"

கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்தார். நான் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் அந்தக் கை எனக்கு மறுபடி கிடைத்திருக்காது. நின்று யோசித்தார். பிறகு காலை எடுத்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கரையோரமாக மேற்கே நடந்தார். அந்த வார்த்தை எனக்கா விராலுக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

கார் வந்தது. தலைவர் சமயோசிதமாக, விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடையை ஓடிப்போய்ப் பேனரின் முகத்துக்குப் போர்த்தினார். துண்டு வீசப்பட்டது. ஊர் தண்ணீருக்குள் பாய்ந்தது. சனி மூலையில் மட்டும் யாரும் இல்லை. விரால்கள் அங்கே நிம்மதியாக இருந்தன. அன்று சீனியம்மாளுக்குக் கிடைத்தது ஜிலேபிக் கெண்டையும் கொஞ்சம் கெளுத்தியும்.

எனக்கு அந்த ஊரில் "குழி சார்" என்று பெயர் வந்தது. சித்திரை முடிவதற்குள் கண்மாய் ஒரு சொட்டு இல்லாமல் வற்றியது. தலைவர் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒருநட வந்துட்டுப் போங்க. ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

போனேன். சனி மூலை, இட்லித் தட்டு மாதிரிகூட இல்லை. தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒரு பள்ளம் இல்லை. பொக்லைன்காரர் வேரைப் பிடுங்கிய இடத்தையெல்லாம் மட்டம் தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் உட்பட. விடலைகள் அதில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் பாதி ஊரைக் கூட்டி வைத்திருந்தார்.

"எங்க அண்ணாச்சி குழி? காட்டுங்க பாப்போம்" என்றார்.

"இல்ல" என்றேன்.

"அப்ப நீங்க சொன்னது தப்புதான்?"

"நான் தெரியாதுன்னு சொன்னேன். இப்பத் தெரியும்." மூலைக்கு மூலை நடந்து பார்த்து, பையிலிருந்த வரைபடத்தில் வெள்ளை இடத்தில் எண்களை எழுதி நீலம் தீட்டினேன். அவர் அதைத் தோல்வியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நீங்கள் வெள்ளையாக விட்ட இடத்தைக் கப்பல் சுற்றிப் போகும், எரிபொருள் வீணாகும், பின்னால் அளந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. நீங்கள் சரியாக வேலை செய்தீர்கள் என்பதற்குச் சான்று எதுவும் வராது. விபத்து நடக்காத இடத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். நஷ்டப்பட்டவர்கள் மட்டும் முழு ஆரோக்கியத்தோடு உங்களைத் தேடி வருவார்கள்.

சீனியம்மாள் வந்தார். வெயிலில், தோசைக்கல்லின் நடுவில், இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பாத்தீயளா? தார் ரோடு மாதிரி கெடக்கு. இதுக்கா என்னை மறிச்சீய? அந்தப் பொம்பள கெளுத்தி முள்ள எடுத்து இலையோரத்துல வரிசையா அடுக்கி வச்சுட்டுப் போனா. அடுக்கி! என் மவள இப்பவும் 'கெளுத்தி வீட்டுப் பிள்ளை'ன்னுதான் கூப்பிடுதாளாம். எம்புட்டு விரால் கெடந்துச்சு! கிரீஸும் குண்டும்! நீங்க கப்பலு ஓட்டுன லட்சணம் எனக்குத் தெரியாதா? கப்பலே ஓட்டலியாமே, படந்தான் போட்டீயளாமே!"

கிரிக்கெட் ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் குரலில் எந்தக் குறையும் இல்லை. நல்ல கனமான, கண்மாயின் மடையிலிருந்து மறுகோடியில் தண்ணீர் வழியும் கலுங்கு வரை கேட்கும் குரல். நான் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டேன். மூச்சு வாங்க நிறுத்தினார்.

"வேற எதும் இருக்கா தாயி?" என்று கேட்டேன்.

இருந்தது.